கொட்டில் சுவரில் பூக்கும் உப்பு

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "கட்டடப் பொருள்களில் நுண்ணுயிர்கள்" என்பதாகும். உழவியல் படித்தவனுக்குச் சுவரோடு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். தலைப்பைக் கேட்டவுடன் நானும் அப்படித்தான் நினைத்தேன். ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் தயக்கமின்றிப் பேசிவிடுவேன். ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால், செங்கல்லும் ஒரு காலத்தில் மண்தானே, வயலில் வாழும் பாக்டீரியா சுவரில் வாழக்கூடாது என்று யார் சொன்னது என்று தோன்றியது. ஆகவே, எல்லாக் கட்டடங்களையும் பற்றிப் பேசாமல், மாடு வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் உள்ள ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது மாட்டுக் கொட்டிலின் சுவர்.

நாளைக் காலையில் உங்கள் கொட்டில் சுவரை ஒரு முறை உற்றுப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஈரம் ஏறி நிறம் மாறியிருக்கும். அதற்கு மேலே, ஏறக்குறைய இடுப்பளவில், பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். அந்த இடத்தில் பூச்சு பொரிந்து, விரலால் தட்டினால் மாவாக உதிரும். ஓதம் அடிக்கிறது, உவர் ஏறிவிட்டது, உப்புப் பூத்துவிட்டது என்று ஊருக்கு ஒரு விதமாகச் சொல்லுவோம்.

கடலோரத்திலோ களர் நிலத்திலோ கட்டிய வீடாக இருந்தால் அது நிலத்தடி நீரோடு வந்த உப்பாக இருக்கலாம். கலவைக்கு ஊற்றிய கிணற்று நீர் உப்பாக இருந்திருக்கலாம். செங்கல்லிலேயே உப்பு இருந்திருக்கலாம். ஆனால், நல்ல செம்மண் பூமியில், நல்ல தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீட்டில், மற்றச் சுவர்களெல்லாம் நன்றாக இருக்க, மாடு கட்டிய பக்கத்துச் சுவர் மட்டும் அரிக்கிறதென்றால், அந்த உப்பை மாடும் நுண்ணுயிரும் சேர்ந்து உண்டாக்கியிருக்கின்றன என்று கொள்ளலாம்.

அது எப்படி என்பதைப் பார்ப்போம். மாட்டின் மூத்திரத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. நீங்கள் கடையில் மூட்டையாக வாங்குகிறீர்களே, அதே யூரியாதான். அது தரையில் விழுந்த சில மணி நேரத்திற்குள், யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைத்துவிடுகின்றன. விடியற்காலையில் கொட்டிலுக்குள் நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி அந்த அம்மோனியாவின் நெடியே. அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மற்றொரு பங்கு ஈரத்தோடு தரைக்குள் இறங்கி, அங்கிருந்து சுவரின் அடிப்பாகத்திற்குள் நுழைகிறது. செங்கல்லிலும் மண்ணிலும் மயிரிழை போன்ற நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றின் வழியே ஈரம் மேலே ஏறுகிறது.

சுவருக்குள் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் முதலியவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீங்கள் வயலில் யூரியா இட்டால் அங்கும் இதே வேலைதான் நடக்கிறது. வயலில் உண்டாகும் நைட்ரேட்டைப் பயிரின் வேர் எடுத்துக்கொள்ளும். சுவரில் வேர் இல்லை. ஆகவே அது அங்குள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் நைட்ரேட் என்னும் உப்பாகிவிடுகிறது. கலவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பே கரைந்து உப்பாகப் போய்விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சுவரை உப்பு அரிக்கிறது என்கிறோமே, அந்த அரிப்பின் ஒரு பாதி இது. மறு பாதி, அந்த உப்பு காய்ந்து படிகமாகும்போது நுண்துளைகளின் ஓரங்களை நெருக்கி உடைப்பது.

இந்த உப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. வெடியுப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் பீகார்ப் பகுதியிலிருந்து இதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. அங்கே நூனியா என்னும் மக்கள் இதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். மாடு கட்டிய இடத்து மண், பழைய வீட்டு மண், சுவரடி மண் ஆகியவற்றைச் சுரண்டி எடுத்து, நீரில் கரைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். பிரான்சு நாட்டில் புரட்சி நடந்த காலத்தில், 1793-ஆம் ஆண்டு முடிவில், துப்பாக்கி மருந்துக்கு வெடியுப்புப் போதாமல், குடிமக்கள் தங்கள் நிலவறைகளையும் தொழுவங்களையும் சுரண்டித் தர வேண்டும் என்று அரசே ஆணையிட்டது. மாட்டுக் கொட்டிலின் அழுக்கு மண்ணைத் தோண்டிப் போர் நடத்தியிருக்கிறார்கள்!

ஆனால் இந்த உப்பை உண்டாக்குவது ஓர் உயிர் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1877-இல் பிரான்சில் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சிறிது சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். முதலில் உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. ஏறக்குறைய 20 நாட்கள் கழித்து நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே வந்திருக்க வேண்டுமல்லவா? சந்தேகம் தீர, குழாய்க்குள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் வருவது நின்றுவிட்டது. பிறகு சிறிதளவு புதிய மண்ணைக் கரைத்து ஊற்றியதும் மறுபடியும் வரத் தொடங்கியது. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தார். மண் நுண்ணுயிரியல் என்று நாங்கள் கல்லூரியில் கற்பிக்கும் பாடம் இத்தகைய சோதனைகளிலிருந்து வளர்ந்ததே. அந்தக் குழாயும் உங்கள் கொட்டில் சுவரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, சுவர் கொஞ்சம் உதிர்ந்தால் உதிர்ந்துவிட்டுப் போகட்டும், இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டிலுக்கும் தவசம் வைக்கும் அறைக்கும் இடையே ஒரே ஒரு சுவர். பாட்டனார் காலத்து மண் சுவர். மேலே சுண்ணாம்புப் பூச்சு. மாட்டுப் பக்கத்தில் வருடா வருடம் கொஞ்சம் உதிரும். பாட்டி பொங்கலுக்கு முன்பாக அதைப் பெருக்கி எருக்குழியில் கொட்டிவிட்டு, சுண்ணாம்பு அடித்துவிடுவார். 2009-ஆம் ஆண்டு கோடையில் என் அப்பா, "எத்தனை நாளைக்கு இந்தத் தரித்திரம்" என்று கொத்தனாரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் மார்பு உயரத்திற்குச் சிமென்டுப் பூச்சுப் பூசச் செய்தார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அப்போது நான் வேளாண்மைக் கல்லூரியில் மாணவன். படித்த பிள்ளை என்று அப்பா என்னிடம் யோசனையும் கேட்டார். நானும் சரி என்றேன்.

ஆடிப்பட்டத்து நிலக்கடலையை எடுத்துக் காயவைத்து, அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதைக்காயை மூட்டை பிடித்து, அந்தச் சுவரோரமாகத் தரையில் அடுக்கி வைத்தோம். கார்த்திகை மழை தொடங்கியது. கூரை ஒழுகவில்லை. ஆனால் சிமென்டுப் பூச்சு முடிந்த இடத்திற்கு மேலே, புதிதாக, மார்பு உயரத்தில் ஈரம் தெரிந்தது. "சுவர் வேர்க்குதுடா" என்று அம்மா சொன்னார். யாரும் பொருட்படுத்தவில்லை. விதைக்க எடுத்துப் பிரித்தபோது, சுவரை ஒட்டிய மூட்டைகளில் காய்க்குள் மஞ்சளும் பச்சையும் கலந்த பூசணம் இருந்தது. பருப்பை உடைத்தால் உள்ளேயும் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை விளங்கிக்கொள்ளப் பிற்பாடுதான் எனக்கு முடிந்தது. ஈரம் தரையிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும் சுவரில், அது மூச்சு விட்டு ஆறுவதற்குச் சுண்ணாம்புப் பூச்சு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. சிமென்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறியது. அதோடு கால்சியம் நைட்ரேட்டுக்கு ஒரு குணம் உண்டு. சமையல் உப்பு மழைக்காலத்தில் ஜாடியில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் அது கசியும். கால்சியம் நைட்ரேட்டோ 50 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். நம் மழைக்காலக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே உப்பேறிய சுவர், மழை பெய்யாத நாளிலும், கூரை ஒழுகாத வீட்டிலும் வேர்த்துக்கொண்டே இருக்கும். அம்மா சொன்னது முற்றிலும் சரி.

சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்துவிட்டால், அங்கு வைத்த காய்க்குப் பூசணம் பிடிக்கும். நிலக்கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் பிடித்தால் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது தெரியவந்தது. அதன் பிறகுதான் உலகம் இதற்கு ஒரு பெயர் வைத்தது. இது ஈரலைக் கெடுக்கும். நெடுநாள் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் தெரியுமா? எல்லா உழவர் வீட்டிலும் செய்வதையே செய்தோம். பார்வைக்கு நன்றாக இருந்த காய்களைப் பொறுக்கி விதைத்தோம். மற்றதை வீணாக்கலாமா என்று செக்கில் கொடுத்து ஆட்டினோம். எண்ணெய் கொஞ்சம் கசந்தது. அதை விளக்குக்கு வைத்துக்கொண்டோம். பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தோம். கடலையை ஆட்டும்போது அப்ளாடாக்சினில் பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற கறவை மாட்டின் பாலில், ஒரே நாளில், நஞ்சின் ஒரு சிறு பங்கு வடிவம் மாறி வந்துவிடும். அந்த வருடம் என் அக்காள் தலைப்பிரசவம் முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல், அந்த மாட்டின் பாலைத்தான் நீர் கலந்து கொடுத்துவந்தோம். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. இன்று பள்ளிக்கூடம் போகிற பெரிய பையன். ஆனாலும், மூன்றாம் ஆண்டில் இந்தப் பாடத்தை வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. யோசனை கேட்டபோது சரி என்று சொன்னவன் நானல்லவா?

ஆகவே, விதைக்காயோ தின்னும் காயோ, மூட்டையைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். காயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காயவைக்க வேண்டும். காயின் ஈரம் 8 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் கோழிக்கும் வைக்கக் கூடாது. எரித்துவிடுங்கள், அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மனம் வராதுதான். எனக்குத் தெரியும்.

இனிச் சுவருக்கு வருவோம். உப்பேறிய சுவரை என்ன செய்வது? முதலில், என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். அதன் மேல் சிமென்டைப் பூசி மூடாதீர்கள். அதன் பலனை மேலே கேட்டீர்கள்.

ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். மாட்டின் வால்பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி கட்டுவது பல வீடுகளில் வழக்கம். இடவசதிக்காக அப்படிச் செய்கிறோம். அதை மாற்றி, தீவனத் தொட்டியைச் சுவர்ப்பக்கம் அமைத்து, தலை சுவரை நோக்கியும் வால் வெளியை நோக்கியும் இருக்கும்படி கட்டினாலே பாதித் தொல்லை தீரும். தரைக்கு 40 அடிக்கு 1 அடி, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுத்து, மூத்திரம் சுவரை விட்டு விலகி ஒரு கால்வாயில் சேரும்படி செய்ய வேண்டும். வெளிப்புறத்தில் எருக்குவியலைச் சுவரோரம் சேர்த்து வைக்காதீர்கள். இறவாரத்து நீர் சுவரடியில் விழாமல் கூரையை 2 அடி வெளியே நீட்டுங்கள்.

ஏற்கெனவே சிமென்டுப் பூசியிருந்தால், உப்புத் தெரியும் உயரத்துக்கு மேல் 2 அடி வரையில் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரை ஆறவிடுங்கள். வெளியே பூத்து வரும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கீழே விரித்த சாக்கில் பெருக்கி எடுங்கள். வைகாசிக்குள் இரண்டு மூன்று முறை எடுக்கலாம். பிறகு சுண்ணாம்புக் கலவையால் பூசுங்கள். அந்தப் பூச்சு நிலையானதன்று. சுவரில் மீந்துள்ள உப்பை அது உறிஞ்சிக்கொண்டு, இரண்டு மூன்று வருடத்தில் பொரிந்துவிடும். பொரியட்டும். சுவர் பொரிவதைவிடப் பூச்சு பொரிவது மேல். மறுபடியும் பூசிக்கொள்ளலாம். என் பாட்டி வருடந்தோறும் செய்துவந்தது ஏறக்குறைய இதுதான். அதைத் தரித்திரம் என்று நினைத்தது எங்கள் தவறு.

பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட நீரைச் சேர்ப்பார்கள். அந்த நீர் நாள்பட ஊறி நுரைக்கும். நுரைப்பது ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களின் வேலை. வெல்லத்தைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. சுண்ணாம்பு இறுகிக் கல்லாவதற்கு வேண்டிய பொருளும் அதே கரியமில வாயுதான். காற்றிலிருந்து அதை மெல்ல மெல்லப் பெறுவதால்தான் சுண்ணாம்புப் பூச்சு இறுக நாளாகிறது. இந்த முறை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள்.

சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக நீர்த்த சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உள்ளது. அதில் பாக்டீரியா பிழைக்காது. புதுச் சிமென்டும் அப்படியே. ஆனால் காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் குறைந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் குடியேறும். ஆகவே கொட்டிலுக்கு வெள்ளையடிப்பதை வருடத்தில் பொங்கலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், மழைக்காலத்துக்கு முன்பும் ஒரு முறை அடிப்பது நல்லது. டப்பாவில் விற்கும் வண்ணப்பூச்சை விட, கல் சுண்ணாம்பே கொட்டிலுக்கு ஏற்றது. சாணமே கிருமிநாசினி, சாணம் மெழுகினால் போதும் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். சாணம் மண்பூச்சுக்குப் பிடிப்பும் நாரும் தருவது உண்மை. வெடிப்பைக் குறைப்பதும் உண்மை. ஆனால் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் கால்நடைச் சாணத்தில் இருக்கக்கூடும். காலில் புண்ணோடு சாணத்தில் நிற்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கால்வாயில் சேரும் மூத்திரத்தை என்ன செய்வது என்பதுதான் உழவியல்காரனாகிய எனக்கு முக்கியம். ஒரு மாடு நாளொன்றுக்கு 7 லிட்டர் மூத்திரம் விடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 1 விழுக்காடு தழைச்சத்து. நாளைக்கு 70 கிராம். வருடத்திற்கு 25 கிலோ. யூரியாவாகக் கணக்கிட்டால் 55 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றுக்கும் மேல். இவ்வளவையும் பிடித்து வயலில் சேர்க்க முடியாது. பாதி காற்றில் போனாலும் மீதிப் பாதி நமக்குக் கிடைக்கட்டுமே. இன்று அது சுவருக்குள் போய்ச் சுவரையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. நம் தழைச்சத்தைக் கொண்டே நம் சுவரை அரிக்கவைப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

கால்வாயின் முடிவில், சுவரிலிருந்து தள்ளி, ஒரு சிறு குழி எடுத்து, அதில் உலர்ந்த மண், கடலைத் தோல், சருகு, கரும்புச் சோகை ஆகியவற்றைப் போட்டுவையுங்கள். மூத்திரத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒரு முறை அதை எடுத்து எருக்குழியில் சேர்த்துவிட்டு, புதிதாகப் போடுங்கள். மேலே சிறிது சூப்பர் பாஸ்பேட் தூவினால் அம்மோனியா ஆவியாவது குறையும். மத்தியப் பிரதேசத்தில் உள்ள இந்தூரில், 1924-லிருந்து 1931 வரை சர் ஆல்பர்ட் ஹோவர்டு கம்போஸ்டு தயாரிக்கும் முறையை வகுத்தபோது, மூத்திரம் ஊறிய மண்ணைக் கலவையில் ஓர் இன்றியமையாத பொருளாகச் சேர்த்தார். நம்மவர்களின் பழக்கத்தைப் பார்த்தே அவர் பலவற்றைக் கற்றுக்கொண்டார்.

இடித்த பழைய கொட்டில் சுவரின் மண்ணையும் வீணாக்காதீர்கள். சீனாவில், வீட்டுக்குள் குளிர் காயவும் படுக்கவும் கட்டும் மண் மேடையைச் சில வருடங்களுக்கு ஒரு முறை உடைத்து, அந்தக் கட்டிகளைப் பொடித்து உரமாக இட்டதை அமெரிக்க மண்ணியல் அறிஞர் எப்.எச். கிங் தம் 1911-ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் ஓர் எச்சரிக்கை. சுவர் மண்ணில் நைட்ரேட் மட்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது; சாதாரண உப்பும் இருக்கலாம். மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்துக்கொண்டு, மேலுரமாக, பயிர் வேர் பிடித்து வளரும் தருணத்தில் இடுங்கள். நைட்ரேட் மண்ணில் தங்காது. பெருமழைக்கு முன்பு இட்டால் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். களர், உவர் நிலத்துக்கு வேண்டவே வேண்டாம்.

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே வேறு ஒரு பாக்டீரியா. எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுள்ள, ஈரமான கான்கிரீட்டின் மேல் அது படும்போது, தயோபாசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றி, சிமென்டைத் தின்றுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரச் சாக்கடைக் குழாய்களில், நீர் மட்டத்துக்கு மேலுள்ள பகுதி மட்டும் ஏன் கரைகிறது என்று ஆராய்ந்து பார்க்கர் என்பவர் 1945-இல் இதைக் கண்டுபிடித்தார். காற்றுப் புகாத கலனுக்குள் இவற்றால் அமிலம் செய்ய முடியாது. சாணக் கரைசல் வெளியேறும் தொட்டியிலும், கசிவு உள்ள மூடியடியிலும், காற்றும் வாயுவும் ஈரமும் சந்திக்கும் இடத்திலேயே அரிக்கும். விரலால் சுரண்டினால் களிம்புபோல வெண்மையாக வந்தால் அதுவே அடையாளம். வெளியேற்றுத் தொட்டியைத் திறந்த காற்றோட்டத்தில் வையுங்கள். அரித்த பகுதியைச் சுரண்டிவிட்டுப் பூசுங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது. அந்த நாற்ற வாயு அளவு மீறினால் முதலில் மூக்கை மரக்கச் செய்யும்; நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும்.

சென்ற முகாமில் ஓர் இளைஞர், வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும் பாக்டீரியா சிமென்டு வந்துவிட்டதாமே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்வி. நெதர்லாந்தில் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தில் யோங்கர்ஸ் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் இதைச் செய்திருக்கிறார். கடும் காரத்தைத் தாங்கும் பாசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகளையும், அவற்றுக்கு இரையாகக் கால்சியம் லாக்டேட்டையும் கான்கிரீட்டில் கலந்துவிடுகிறார்கள். உலர்ந்திருக்கும்வரை வித்துகள் உறங்கும். வெடிப்பு விழுந்து நீர் புகுந்தால் அவை முளைத்து, இரையைத் தின்று, சுண்ணாம்புக் கல்லை உண்டாக்கி வெடிப்பை அடைத்துவிடும். 2011-இல் வெளியான அவர்கள் ஆய்வில், நீரில் வைத்த 100 நாட்களில் 0.46 மி.மீ. அகலம் வரையுள்ள வெடிப்புகள் மூடிக்கொண்டன. பாக்டீரியா சேர்க்காத கலவையில் 0.18 மி.மீ. வரை மட்டுமே மூடின. 2014-இல் ஈக்வடார் நாட்டு மலைப்பகுதியில் ஒரு பாசன வாய்க்காலுக்கு இந்தக் கலவையால் தளம் போட்டுப் பார்த்தார்கள். வாய்க்கால் வெடிப்பில் நீர் கசிவது நமக்கும் உள்ள தொல்லைதானே. ஆகவே இதை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன்.

இன்னொரு வகையில், யூரியாவை உடைக்கும் பாக்டீரியாவையே கொண்டு, கால்சியம் சேர்த்து, உதிரி மணலைக் கல்லாக இறுக்குகிறார்கள். நம் சுவரை அரிக்கத் தொடங்கி வைக்கும் முதல் வேலை, யூரியாவை உடைப்பது; அதே வேலையை வைத்து அவர்கள் கல் செய்கிறார்கள். ஆனால் தம்பி, உங்கள் கொட்டில் சுவரில் உள்ள வெடிப்பு அரை மில்லிமீட்டர் அன்று. அதில் என் கட்டைவிரல் போகிறது. அதற்குக் கொத்தனார்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்பீர்கள். 2012-ஆம் ஆண்டு பங்குனியில் சிமென்டைக் கொத்தி எடுத்தோம். அப்பாவே கொத்தினார். மூன்று கோடைகள் உப்பைப் பெருக்கி எடுத்தோம். முதல் வருடம் மட்டும் ஒரு கூடை நிறைய வந்தது. மாடுகளைத் திருப்பிக் கட்டினோம். இப்போது சுவர் முழங்கால் உயரத்துக்கு மேல் உலர்ந்திருக்கிறது. தென்மூலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் பூக்கிறது. ஆனாலும் விதைக்காயை அந்த அறையில் வைப்பதில்லை. அம்மா சம்மதிக்கமாட்டார்.

உங்கள் சுவரில் பூத்த உப்பைக் காகிதத்தில் மடித்து யாரேனும் கொண்டுவந்திருந்தால், தேநீர் இடைவேளையில் என்னிடம் கொடுங்கள். எந்தச் சுவர், எவ்வளவு உயரத்தில் எடுத்தது என்று மேலே எழுதிக் கொடுங்கள். நைட்ரேட்டா, சாதாரண உப்பா என்று பார்த்துச் சொல்லுகிறேன்.